எடுத்ததை எறிந்துவிடாதீர்கள்: ரத்தக் குழாய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரத்தக் குழாய் அறுவை மருத்துவர்களுக்கும், கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே சிகிச்சை செய்யும் இதயநோய், கதிரியக்க மருத்துவர்களுக்கும், பிணக்கூறாய்வு செய்யும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

"சாதனம் திருப்பி அனுப்பப்படவில்லை. ஆகவே காரணத்தை உறுதிப்படுத்த இயலவில்லை."

என் 24 வருட வேலையில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் இதுதான். ரத்தக் குழாயைத் திறந்து வைக்க உள்ளே பொருத்தும் உலோக வலைக் குழாயான ஸ்டென்ட் முறிந்துவிட்டது என்று ஒரு புகார் வரும். எந்த இடத்தில் முறிந்தது, எத்தனை துண்டானது, முறிந்த முனை எப்படி இருந்தது என்று எதுவும் அதில் இருக்காது. நீங்கள் அதை வெளியே எடுத்திருப்பீர்கள். அன்றைக்கே அது மருத்துவக் கழிவோடு போயிருக்கும். எனக்கு வந்து சேர்வது நாலு வரி. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு நானும் நாலு வரி எழுதிக் கோப்பை மூடுவேன்.

அப்படி மூடிய கோப்புகள் இன்னும் மனசை உறுத்துகின்றன. அதனால்தான் இந்த மடல்.

நான் இயந்திரப் பொறியாளர். முதலில் கதீட்டர், அப்புறம் தொடைத் தமனிக்கான ஸ்டென்ட், கடைசிப் பத்து வருடமாகப் பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளே வைக்கும் துணி போர்த்திய ஸ்டென்ட் என்று ரத்தக் குழாய்க்குள் தங்கும் பொருட்களோடுதான் என் காலம் போயிருக்கிறது. நோயாளியை நான் பார்த்ததில்லை. ஒரு பாலம் கட்டியவர் அதன்மேல் நடந்து போகலாம், விரிசல் விட்டால் கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கலாம். நான் செய்த பொருள் ஒருவர் உடம்புக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது. அது அங்கே என்ன பாடு படுகிறது என்று பார்க்க எனக்கு இருக்கும் ஒரே வழி, யாராவது ஒருநாள் அதை வெளியே எடுத்து என் மேசைக்கு அனுப்புவதுதான்.

சோதனைக்கூடத்தில் எல்லாம் சோதித்துத்தானே விற்கிறீர்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான், சோதிக்கிறோம். இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடித்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 3.8 கோடி துடிப்பு, பத்து வருடத்துக்கு 38 கோடி. ஸ்டென்ட் அந்தப் பத்து வருடத்தையாவது தாங்குகிறதா என்று காட்ட வேண்டும் என்பது இந்தத் துறையின் வழக்கமான அளவுகோல். பத்து வருடம் யாரும் காத்திருக்க முடியாது. அதனால் சிலிக்கோன் குழாய்க்குள் ஸ்டென்ட்டை விரித்து, 37 டிகிரியில் உப்புநீரை நிரப்பி, நொடிக்கு 50 முறை குழாயை விரிந்து சுருங்க வைக்கிறோம். இரவு பகலாக ஓட்டினால் மூன்று மாதத்தில் பத்து வருடத் துடிப்பும் முடிந்துவிடும். அந்த அறைக்குள் போனால் ஒரே ரீங்காரம். கதவைச் சாத்தி வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் அந்தக் குழாயில் சுண்ணாம்புப் படிவு கிடையாது. ஒரு பக்கம் கெட்டியாகவும் மறுபக்கம் மெத்தென்றும் அது இருப்பதில்லை. முக்கியமாக, அது மாடி ஏறுவதில்லை. தொடைத் தமனி நாடித் துடிப்பை மட்டும் தாங்குவதில்லை. முழங்கால் மடங்கும்போது அது நீளத்தில் சுருங்குகிறது, வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது. இதையும் கணக்கில் எடுத்துத்தான் வைத்திருக்கிறோம். ஒரு காலுக்கு வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் அடி நடை என்று போட்டு வளைத்துப் பார்க்கிறோம். ஆனால் எவ்வளவு வளைக்க வேண்டும், எந்த இடத்தில் வளைக்க வேண்டும் என்ற விடை எங்களிடம் இல்லை. 2005ல் ஜெர்மானிய மருத்துவர்கள் ஸ்டென்ட் வைத்த 121 கால்களை எக்ஸ்ரேயில் தேடிப் பார்த்து அறிக்கை வெளியிட்டார்கள். 45 கால்களில் முறிவு இருந்தது. நூற்றுக்கு 37. அத்தனையும் அன்றைய சோதனைகளைத் தாண்டி வந்தவைதான். அந்த அறிக்கையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒரு பெட்டி வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

திருகு மூடி போட்ட ஒரு குப்பி, அதைச் சுற்றி இரண்டு உறை. உள்ளே, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம். அதில் ஒரு சாண் நீளத் தமனித் துண்டு கிடந்தது, ஸ்டென்ட் அதற்குள்ளேயே. உருவி எடுக்காமல் தமனியோடு சேர்த்து வெட்டி எடுத்திருந்தார் அந்த மருத்துவர். கீழ்முனையில் ஒரு கறுப்பு நூல் முடிச்சு. குப்பியில் ஒட்டியிருந்த தாளில் அவருடைய கையெழுத்து: ஆண், வயது 58. வைத்து 19 மாதம். மறுபடி அடைத்துக்கொண்டதால் பைபாஸ் செய்தோம். நூல் கட்டிய முனை கீழ்ப்பக்கம். அங்கே உள்ள வெட்டு என் கத்தரி பட்டது, அதை முறிவு என்று எண்ணிவிட வேண்டாம். கடைசியாக ஒரு வரி: "வேலை, தரைக்கு ஓடு பதிப்பது. நாள் முழுக்க முழங்காலிட்டு இருப்பவர்."

குப்பியைத் திறக்காமலே முதலில் நுண் சிடி ஸ்கேன் எடுத்தோம். மூன்று முறிவு. மூன்றும் ஒரே வளைய வரிசையில், முழங்கால் மடங்கினால் உட்பக்கமாக அமையும் ஓரத்தில். அப்புறம் நொதி கொண்டு திசுவை மெல்லக் கரைத்து, உலோகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் வைத்தோம். திரும்பத் திரும்ப வளைந்து சோர்ந்து முறிந்த உலோகத்தின் முகப்பு ஒரு நாட்குறிப்பு மாதிரி. விரிசல் தொடங்கிய புள்ளி தெரியும். அதிலிருந்து விலக விலக, அலை திரும்பிப் போன மணலில் விழுந்திருக்கும் வரிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட இடைவெளி விட்டு இருந்தன. கோடிக்கணக்கான சின்னத் துடிப்புகள் அரித்து வந்த முறிவாக அது இல்லை. பெரிய பெரிய வளைவுகள் ஒவ்வொன்றும் விரிசலைக் கணிசமாக முன்னே தள்ளியிருக்கிறது.

முழங்காலிட்டுக் குனிந்து, எழுந்து, நகர்ந்து, மறுபடி முழங்காலிட்டு. ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை! எங்கள் இயந்திரம் நடப்பதற்கு மட்டும்தான் வளைந்துகொண்டிருந்தது. முழங்காலிடும் மனிதர் ஒருவர் இருப்பார் என்று எங்கள் அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்த ஒரு குப்பிக்குப் பிறகு, வளையங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கம்பிகளை ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்து, எதிரெதிரே வராமல் மாற்றி மாற்றி வைத்தோம். நீளவாக்கில் அழுத்தினால் விறைக்காமல் மடங்கிக் கொடுக்கும்படி. வளைவு முனைகளைக் கொஞ்சம் அகலமாக்கினோம். சோதனை இயந்திரத்தில் ஆழமாக மடங்குவதற்கென்றே தனியாக ஒரு கை பூட்டினோம். அந்தத் தாளில் கடைசி வரி இல்லாமல் போயிருந்தால் முறிவை மட்டும் பார்த்திருப்போம், ஏன் என்பது கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

எக்ஸ்ரேயில் எல்லா முறிவும் ஒன்றுபோலத்தான் தெரியும். வடிவமைப்புத் தப்பாக இருந்தாலும் முறியும். நிக்கலும் டைட்டானியமும் ஏறக்குறையச் சரிபாதி அணுக்களாகச் சேரும் நிட்டினால் என்ற ஸ்டென்ட் உலோகத்தை உருக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட துகளில் தொடங்கியும் முறியும். அந்தத் துகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. மேற்பரப்பை மெருகேற்றுவதில் குறை இருந்து அரிப்புக் குழி விழுந்தாலும் முறியும். இரண்டு ஸ்டென்ட்டை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இடத்தில், உரசியோ விறைத்தோ முறியும். ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டிய திருத்தம் வேறு. முதலாவதற்கு நான் வரைபடத்தை மாற்ற வேண்டும். இரண்டாவதற்கு உலோகம் தருபவரிடம் போய் நிற்க வேண்டும். மூன்றாவதற்குத் தொழிற்சாலைக்குள் தேட வேண்டும். நான்காவதற்கு உங்களுக்குக் கையேட்டில் ஒரு எச்சரிக்கை எழுத வேண்டும். எது என்று தெரியாமல் எதைத் திருத்துவது?

இந்தத் துறை பிறந்ததே, வெளியே எடுத்த ஒன்றை ஒருவர் உற்றுப் பார்த்ததால்தான். 1947ல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர் சோதனைக்காக ஒரு நாய்க்கு இதய அறுவை செய்தார். ஒரு பட்டு நூல் தவறுதலாக இதய அறைக்குள் குறுக்கே நின்றுவிட்டது. சில மாதம் கழித்து அந்த இதயத்தைத் திறந்து பார்த்தபோது, நூல்மேல் பளபளப்பான மெல்லிய படலம் ஒன்று படர்ந்திருந்தது. நூலையே உடம்பு இப்படிப் போர்த்திக்கொள்கிறது என்றால், நூலால் நெய்த குழாயை வைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வின்யான்-என் என்ற செயற்கைத் துணியில் குழாய் தைத்து நாய்களில் வைத்துப் பார்த்ததை 1952ல் வெளியிட்டார்கள். இன்று நீங்கள் தைக்கும் ஒவ்வொரு துணிக் குழாய்க்கும் மூலம் அந்தப் பட்டு நூல்தான். அன்றைக்கு அவர், தப்பாகப் போன ஒரு தையல்தானே என்று அந்த நூலைத் தூக்கிப் போட்டிருக்கலாம்.

பெருந்தமனி வீக்கத்துக்கும் இதே கதைதான். 1987ல் இன்றைய உக்ரைனின் கார்கிவில் நிக்கோலாய் வோலோடோஸ், 1990ல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி ஆகிய மருத்துவர்கள் வயிற்றையோ நெஞ்சையோ பிளக்காமல் துணிக் குழாயை உள்ளே செலுத்தி வைக்கும் வழியைத் திறந்தார்கள். அடுத்து வந்த முதல் தலைமுறைச் சாதனங்கள் சிலவற்றைச் சில வருடத்தில் வெளியே எடுக்க வேண்டி வந்தது. எடுத்துப் பார்த்தவர்கள் வளையங்களைத் துணியோடு கட்டியிருந்த தையல் நூல் அறுந்திருப்பதையும், உலோகம் உரசிய இடத்தில் துணி தேய்ந்து ஓட்டை விழுந்திருப்பதையும், உலோகச் சட்டகம் முறிந்திருப்பதையும் கண்டார்கள். நான் இன்று ஒரு தையலின் இறுக்கத்துக்காக அரை நாள் வாதாடுகிறேன் என்றால், அந்த ஓட்டைகளின் படங்களைப் பார்த்துக் கற்றதால்தான். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், கழற்றிய ரத்தக் குழாய்ச் சாதனங்களை வாங்கி ஆராய்வதற்கென்றே ஒரு குழு வருடக்கணக்கில் உழைக்கிறது. உற்பத்தியாளரிடம் கொடுக்க உங்களுக்கு மனம் இல்லையென்றால், இப்படிச் சார்பில்லாத கூடங்களுக்கு அனுப்புங்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

மாறாக, பொருள் வராமல் வெறும் தாள் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. காலில் உருவான ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடாமல் பெருஞ்சிரையில் மறித்து நிற்கும் வடிகட்டிகளைப் பற்றி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010ல் ஓர் எச்சரிக்கை விட்டது. 2005 முதல் 921 புகார் வந்திருந்தது. 328ல் இடம் பெயர்ந்தது, 146ல் பாகம் கழன்று ரத்தத்தோடு போனது, 70ல் சிரைச் சுவரைத் துளைத்தது, 56ல் முறிந்தது. தேவை தீர்ந்ததும் எடுத்துவிடுங்கள் என்ற அறிவுரை வந்தது, நல்ல அறிவுரை. ஆனால் வடிகட்டியின் கம்பிக் கால் ஒன்று ஏன் அந்த இடத்தில் ஒடிந்தது என்று வரைபட மேசையில் இருப்பவர் அறிய, அந்தக் காலே கையில் வேண்டும்.

சரி, நீங்கள் ஏன் அனுப்புவதில்லை? பலரிடம் கேட்டிருக்கிறேன். நேரமில்லை என்றார்கள், நள்ளிரவில் அவசர அறுவை முடித்துக் கையுறையைக் கழற்றுபவரிடம் குப்பியையும் தாளையும் கேட்பது சின்ன விஷயம் இல்லை, எனக்குத் தெரியும். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை என்றார்கள். வழக்கு வருமோ என்ற பயம் சிலருக்கு. ஆனால் அதிகம் கேட்ட பதில் வேறு: "அனுப்பினோம். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. கடைசியில் வைத்த விதம் தப்பு என்று எங்கள் மேலேயே எழுதி அனுப்பினார்கள்."

இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. தப்பு எங்கள் பக்கம். ஓடு பதிப்பவரின் ஸ்டென்ட்டை அனுப்பிய மருத்துவருக்கு எங்கள் பதில் போய்ச் சேர ஏழு மாதம் ஆனது. சட்டப் பிரிவு ஒவ்வொரு வரியாக வெட்டி வெட்டி, போனது ஒரே பத்தி. "வடிவமைப்பு மேம்பாடுகள் பரிசீலனையில் உள்ளன." அவர் கற்றுக்கொடுத்ததால்தான் இணைப்புக் கம்பிகளை மாற்றினோம் என்று அவருக்குச் சொல்ல எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. அன்று நான் இன்னும் சத்தமாகச் சண்டை போட்டிருக்க வேண்டும். இப்போது நான் தலைமை ஏற்றிருக்கும் குழுவில், அனுப்பியவருக்குப் படங்களோடு முழு அறிக்கையும் போகாமல் கோப்பை மூடக் கூடாது என்று வைத்திருக்கிறோம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதனால் அனுப்பும்போதே எழுத்தில் கேளுங்கள்: பெற்றதற்கு ரசீது வேண்டும், முடிவு எனக்கு வேண்டும், சேதப்படுத்தும் சோதனைக்கு முன் எனக்குச் சொல்ல வேண்டும். கேட்டுக் கையெழுத்து வாங்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அந்தப் பொருளில் நோயாளிக்கும் உரிமை உண்டு, அதையும் மறக்க வேண்டாம். ஒப்புதல் படிவத்தில், எடுக்கும் சாதனத்தை ஆய்வுக்கு அனுப்பலாமா என்று ஒரு வரி சேர்த்து அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றி உங்களில் சிலரே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

எடுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு ஸ்டென்ட் வந்தது. அனுப்பியவர் நல்ல மனதோடு அதைச் சுத்தமாகக் கழுவி, திசுவையெல்லாம் சுரண்டி, நீராவியில் கிருமிநீக்கம் செய்து, உலரவைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியிருந்தார். வழி நெடுக முறிந்த முனைகள் ஒன்றோடொன்று உரசி மழுங்கிவிட்டன. நாட்குறிப்பில் எழுத்து அழிந்துவிட்டது. இடுக்கி கவ்விய தடம் எது, உடம்புக்குள் ஆன காயம் எது என்று பிரிக்க முடியவில்லை. அவ்வளவு சிரமப்பட்டு அனுப்பியவருக்கு, காரணம் தெரியவில்லை என்று மறுபடியும் அதே வாக்கியத்தை எழுதினேன்.

ஆகவே முடிந்தால் தமனியோடு சேர்த்தே எடுங்கள். எடுக்கும் முன் இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே இருந்தால் பெரிய உதவி. உள்ளே இருந்தபோதே முறிந்ததா, எடுக்கும்போது முறிந்ததா என்பது அதில்தான் தெரியும். இடுக்கியால் கம்பிகளை நசுக்காதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெட்டுங்கள், எங்கே வெட்டினீர்கள் என்று குறித்தால் போதும். மேல்முனை, கீழ்முனை தெரிய ஒரு நூல் கட்டுங்கள். தொற்று இருக்கும் என்று சந்தேகப்பட்டால், கிருமி வளர்ப்புச் சோதனைக்கான மாதிரியை முதலில் எடுத்துவிடுங்கள், ஃபார்மலின் பட்ட பிறகு எதுவும் வளராது. அப்புறம் கழுவாமல், உலர்த்தாமல், 10 சதவீத ஃபார்மலினில் அப்படியே போடுங்கள். கைப்பேசியில் ஒரு படம், பக்கத்தில் ஓர் அளவுகோல். இவற்றை முறையாகச் சொல்லும் ஐ.எஸ்.ஓ 12891 என்ற சர்வதேசத் தர ஆவணமும் உண்டு, உங்கள் மருத்துவமனை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். தாளில் பெயர் வேண்டாம். வைத்த தேதி, எடுத்த தேதி, எடுத்த காரணம், சாதனத்தின் மாடல் எண், தொகுதி எண். கூடவே அவர் என்ன வேலை செய்கிறார், எப்படி உட்காருவார், எவ்வளவு நடப்பார் என்பதும் இருக்கட்டும். நீங்கள் அவரோடு பேசியிருக்கிறீர்கள். நான் ஒருபோதும் பேசப் போவதில்லை.

பிணக்கூறாய்வு செய்யும் மருத்துவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். எங்களுக்கு வருவது ஏறக்குறைய எல்லாமே கெட்டுப்போனவை. பன்னிரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்த ஸ்டென்ட், அதைச் சுமந்தவர் வேறு ஏதோ காரணத்தால் இறக்கும்போது அவரோடு போய்விடுகிறது. அதனால் ஒரு கம்பியில் தேய்மானத்தைப் பார்க்கும்போது, இது முறிவுக்கு முன்னறிவிப்பா, அல்லது எல்லாச் சாதனத்திலும் இருக்கும் வெறும் வயசின் அடையாளமா என்று எனக்குத் தெரிவதில்லை. ஒப்பிட நல்லவை போதிய அளவு கையில் இல்லை. எது முறிந்தது என்பதை வைத்தே எல்லா முடிவும் எடுக்கிறோம். எது, ஏன் தாங்கியது என்று கற்க எனக்கு வாய்ப்பு மிக அரிதாகவே கிடைத்தது. குடும்பத்தினர் சம்மதித்தால், நன்றாக உழைத்த ஒன்றை அனுப்புங்கள். 24 வருடத்தில் அப்படி எனக்கு வந்தவை இரண்டே இரண்டு. இரண்டையும் எங்கள் புதுப் பொறியாளர்கள் ஒவ்வொருவரும் நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் வரையத் தொடங்குகிறார்கள்.

அடுத்த வார அறுவைப் பட்டியலில் உங்களில் யாருக்காவது ஒரு பழைய குழாயையோ ஸ்டென்ட்டையோ எடுக்கும் வேலை இருக்கும். முந்தின நாளே செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: மேசைக்குப் பக்கத்தில் ஒரு குப்பி, ஒரு நூல், ஒரு தாள்.

காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ரத்தக் குழாய்ச் சாதனங்களை வடிவமைக்கும் ஒரு பொறியாளர்